மாஃபி கலாஸ்

துபாய் கராமாவில் நாங்கள் லீவு நாளில் சாப்பிடப் போகும் மெஸ் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு. என்கூட வேலை பார்த்த அண்ணாச்சி அதில் ஏற மாட்டார்.

“ரோப்பு எப்ப மாத்துனீங்கன்னு வாட்ச்மேன்கிட்டக் கேட்டேன் தம்பி. தெரியாதுங்கறான். தெரியாதவன் பாத்துக்கற பொட்டிக்குள்ள நான் எதுக்குப் போயி நிக்கோணும்?” என்பார்.

நான் மேலே போய் உட்கார்ந்து இரண்டாம் முறை சாம்பார் கேட்கும்போதுதான் அவர் படியேறி மூச்சிரைக்க வந்து சேருவார். வந்தாலும் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார மாட்டார். ஜன்னலோரம் ஆகாது. பர் துபாயில் கோயிலுக்குப் போய்விட்டு எதிர்க்கரைக்குப் படகில் போகலாம் என்று கூப்பிட்டால், “நீ முன்னால போ தம்பி, நான் பஸ்ஸுல சுத்திக்கிட்டு வந்தர்றேன்” என்பார். ஐந்து நிமிஷப் படகுக்குப் பயந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் வருகிற ஆளை என்னவென்று சொல்ல? நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் அவருக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்றுதான் பெயர். வைத்தவன் நான்தான்.

இவ்வளவுக்கும் அந்த மனுஷன் பார்த்த வேலை என்ன தெரியுமா? மலைச்சரிவில் ரயில் பெட்டியைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவது!

ராஸ் அல் கைமாவைத் தாண்டி, மொட்டை மலைகளுக்கு நடுவே, வெந்நீர் ஊற்று ஒன்றை வைத்து ஒரு ஹோட்டல் கட்டியிருந்தார்கள். அடிவாரத்தில் வெந்நீர்க் குளங்கள். மலைமேல் தங்கும் அறைகள். முட்டிவலி, முதுகுவலி என்று குளிர்காலத்தில் அரபிக் குடும்பங்களும் வெள்ளைக்காரர்களும் வந்து குவிவார்கள். முட்டிவலிக்காரன் முன்னூற்றுப் பத்துப் படி ஏறுவானா? அதற்காகத்தான் அந்த ரயில். இரண்டே பெட்டிகள், ஒரே இரும்புக் கயிறு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். மேல் ஸ்டேஷனில் மோட்டார் ரூம், அங்கே அவர். கீழ் ஸ்டேஷனில் நான். நடுவில் துருத்திக்கொண்டு ஒரு பாறை. அவருக்கு நான் தெரியமாட்டேன், எனக்கு அவர் தெரியமாட்டார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு இருக்கும். பழனிக்காரர். மலைக்கோயில் வின்ச்சில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். நான் தூத்துக்குடிப் பக்கம், ஃபிட்டர். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. சவூதியில் யான்பு ரிஃபைனரியில் ஆறு வருஷம் ஓட்டிவிட்டு, இரண்டாவது தடவையாக வளைகுடாவுக்கு வந்திருந்தேன். ரிஃபைனரியைப் பார்த்தவனுக்கு இந்தப் பொம்மை ரயில் எம்மாத்திரம் என்கிற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

காலையில் முதல் ஓட்டத்துக்கு முன்னால் அவர் கையில் ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்துக்கொள்வார். மோட்டாரை எறும்பு வேகத்தில் ஓடவிட்டு, நகரும் கயிற்றைப் பஞ்சால் சுற்றிப் பிடித்தபடி நிற்பார். கயிற்றில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். மாட்டினால் அந்த இடத்தில் சாக்பீஸ் போட்டு எண்ணுவார். ஒருநாள் இரண்டு இடத்தில் மாட்டியது. புத்தகப்படி பார்த்தால் அது ஒன்றுமே இல்லை, பத்துக்கு மேல் போனால்தான் கவலை. ஆனால் அன்று முழுக்க அவர் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை.

“என்ன அண்ணாச்சி, ரெண்டு கம்பிக்கா இப்படிப் பயந்து சாவுதீய?” என்றேன்.

“ரெண்டு கம்பி போனது எனக்குத் தெரியுது. மூணாவது கம்பி என்ன யோசிச்சுக்கிட்டு இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நாள் பெட்டியில் மேலே போகும்போது, என்னை அறியாமல் என் கண் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவரிடம் நீளமான ரெஜிஸ்டர் நோட்டு ஒன்று இருந்தது. இந்த ரயிலைப் பூட்டிக்கொடுக்க ஐரோப்பாவிலிருந்து வந்த வயசான என்ஜினீயர் ஒருவர், இவருடைய பஞ்சு வைத்தியத்தைப் பார்த்து அசந்துபோய், ஊருக்குத் திரும்பிய பிறகும் பழைய படங்களின் ஜெராக்ஸ்களை இவருக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தாராம். எல்லாம் நோட்டில் ஒட்டியிருந்தது. தொப்பி வைத்த ஆண்களும் குடை பிடித்த பெண்களும் படிப்படியாக இருக்கிற சாய்வுப் பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் மலை, மலைமேல் பெரிய பெரிய ஹோட்டல்.

“இந்த ரயிலு வந்ததே சீக்காளிகளாலதான் தம்பி,” என்று ஆரம்பிப்பார். “வெந்நீ ஊத்து கீழ. காத்து நல்லா இருக்கறது மேல. காலு வராதவன் என்ன பண்ணுவான்? மொதல்ல டோலியில தூக்குனாங்க. அப்புறம் கழுதை. அப்புறந்தான் எவனோ ஒரு புத்திசாலி இதைக் கண்டுபுடிச்சான். மோட்டாரு கெடையாது, நீராவி கெடையாது, ஒண்ணுமே கெடையாது. வெறும் தண்ணி!”

“தண்ணில எப்படி அண்ணாச்சி ஓடும்?”

“மேல நிக்கற வண்டிக்கு அடியில ஒரு தொட்டி. அதுல தண்ணியை ரொப்புவான். கனம் ஏறுனதும் பிரேக்கை விட்டா அது கீழ போகும், போற வேகத்துல கீழ இருக்கறதை மேல இழுத்துப்போடும். கீழ வந்ததும் தண்ணியைத் தொறந்துவிட்ருவான். மறுக்கா மேல ரொப்புவான். மலையில ஓடற ஓடையே மனுசனைத் தூக்கிச் சொமந்துச்சு தம்பி!”

இந்த இடத்தில் அவர் முகம் நன்றாக மலரும். நானும் மெய்மறந்து கேட்பேன். ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் வந்தது வினை. ஒரு ஊரில் தொட்டியில் தண்ணீர் கூடிப்போய் வேகம் பிடித்தது. ஒரு ஊரில் ஓட்டுகிறவனுக்குக் கை வழுக்கியது. தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் எப்போது வந்தது? கயிறு அறுந்த பிறகு. வண்டி நகரும் முன்னால் மணி அடிக்கிற வழக்கம் எப்போது வந்தது? மணி அடிக்காமல் நகர்ந்த பிறகு. ஒவ்வொரு நட்டுக்குப் பின்னாலும் யாரோ ஒரு ஆள் செத்திருக்கிறான் என்பது அவர் கணக்கு.

“எல்லாரும் இதைச் சரித்திரம்ங்கறாங்க. எனக்கு என்னமோ கருமாதிப் பத்திரிகை படிக்கற மாதிரி இருக்குது,” என்று நோட்டை மூடி வைப்பார். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கும் இறங்காது. சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

மற்ற எல்லாவற்றையும்விட அவர் அதிகமாகப் பயந்தது ஒரு வார்த்தைக்கு. ‘கலாஸ்’. வளைகுடாவில் இந்த வார்த்தை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வேலை முடிந்தால் கலாஸ். சோறு தீர்ந்தால் கலாஸ். போதும், நிறுத்து என்பதற்கும் கலாஸ். எல்லாம் தயார், கிளம்பு என்பதற்கும் அதே கலாஸ். முன்னால் ‘மாஃபி’ சேர்த்தால் இல்லை என்று அர்த்தம். மாஃபி கலாஸ் என்றால் இன்னும் முடியவில்லை.

“நிறுத்தறதுக்கும் கெளம்பறதுக்கும் ஒரே வார்த்தைய வெச்சுக்கிட்டு எப்படித் தம்பி ரயிலு ஓட்டறது?” என்று தலையில் அடித்துக்கொள்வார். அதனால் வாக்கி டாக்கியில் அந்த வார்த்தையைப் பேசவே கூடாது என்று எனக்குச் சட்டம். வாக்கி டாக்கியையே அவர் நம்ப மாட்டார். “பட்டனை அமுக்கிப்போட்டு ஒண்ணு ரெண்டு எண்ணிட்டுத்தான் வாயத் தொறக்கோணும். இல்லாட்டி மொத வார்த்தைய மெஷினு முழுங்கிப்போடும்,” என்பார். வார்த்தைக்குப் பதிலாக மணி. நான் கீழே இரண்டு தடவை மணி அடித்தால்தான் அவர் மேலே ஸ்டார்ட் பட்டனைத் தொடுவார். இன்னொரு சட்டமும் உண்டு. பெட்டிக்கு அடியில் யார் போனாலும், மோட்டார் சாவியைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். இருந்தது ஒரே சாவி, அதில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். சாவி உன் பையில் இருந்தால் உயிர் உன் பையில் இருக்கிறது என்பார்.

அந்த வருஷம் டிசம்பரில் புது மேனேஜர் வந்தான். வந்த வாரமே மணியைக் கழற்றச் சொன்னான். வெந்நீரில் கண்ணை மூடிப் படுத்திருக்கிற விருந்தினர்களுக்கு மணிச்சத்தம் இடைஞ்சலாம். இது ஸ்பா, ஸ்கூல் இல்லை என்றான். இனிமேல் வாக்கி டாக்கி போதும் என்று உத்தரவு.

அவர் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பாறை மறைக்காத இடம் வரைக்கும் ஐம்பது படி இறங்கி வந்து நிற்பார். கீழிருந்து நான் கையாட்ட வேண்டும். என் கையைப் பார்த்த பிறகுதான் திரும்ப ஏறிப்போய் ரயிலை எடுப்பார். நாளைக்கு இருபது தடவை! ஐம்பத்திரண்டு வயசு மனுஷன்! எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. விருந்தினர்கள் பெட்டியில் காத்துக்கிடந்து முணுமுணுத்தார்கள். மேனேஜர் இரண்டு வார்னிங் லெட்டர் கொடுத்துவிட்டான். மூன்றாவது கிடையாது, இன்னொரு தடவை ரயில் தாமதமானால் விசா கேன்சல், ஊருக்குப் போ என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

அவருடைய மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் திரும்பிப் போனால் அவருக்கு வேறு வேலை எங்கே கிடைக்கும்? “பேசாம ரேடியோவ நம்பி ஓட்டுங்க அண்ணாச்சி, ஊரே அப்படித்தான் ஓட்டுது,” என்று நானே கெஞ்சினேன். அவரும் சரி சரி என்று தலையாட்டினார்.

ஜனவரியில் ஒரு நாள். கஃபீல், அதாவது எங்கள் எல்லாருடைய விசாவையும் கையில் வைத்திருக்கும் முதலாளி, தன் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வந்திருந்தார். சாப்பாட்டுக்கு மேல் அவர்களை வெந்நீர்க் குளத்துக்கு இறக்க வேண்டும். அவர்கள் மேல் ஸ்டேஷனில் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்றது காலிப் பெட்டி. அதற்குச் சற்று முன்னால்தான் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் யாரோ ஒரு துண்டைத் தவறவிட்டிருந்தார்கள். அது சக்கரத்துக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் சுருண்டு மாட்டியிருந்தது.

சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? மேலே போய்ச் சாவியை வாங்கி வர வேண்டும். முன்னூற்றுப் பத்துப் படி. இரண்டே நிமிஷ வேலைக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். யான்புவில் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். புத்தி கெட்டுப்போனால் எல்லாம் கெட்டுவிடும்.

வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துண்டை இழுத்தேன். துண்டு வரவில்லை. என் சட்டைக் கையும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. அப்போது வாக்கி டாக்கியில் மேனேஜரின் குரல் கேட்டது.

“டவுன் ஸ்டேஷன், கலாஸ்?”

அவன் மேலே மோட்டார் ரூமில் நின்று, தானே ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. கிரீஸ் கையால் பட்டனை அமுக்கி, அவசரமாக, “மாஃபி கலாஸ்!” என்று கத்தினேன்.

ஒரு விநாடி சத்தமில்லை. பிறகு அவன் குரல்: “ஓகே, கலாஸ். யல்லா, ஸ்டார்ட்!”

என் மாஃபியை மெஷின் முழுங்கிவிட்டது.

மறுபடி பட்டனை அமுக்கப் போனேன். வாக்கி டாக்கி வழுக்கித் தண்டவாளத்துக்கு நடுவில் இருந்த குழிக்குள் விழுந்தது. கத்தினேன். குளத்தின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் பெட்டியின் கயிறு லேசாகத் தொய்ந்து கிடந்தது. மோட்டார் எடுத்தால் முதலில் கயிறு விறைக்கும். அதற்கப்புறம் சக்கரம் உருளும். என் கை சக்கரத்துக்குள் இருந்தது. கயிற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் பெண்டாட்டி முகமோ பிள்ளைகள் முகமோ நினைவுக்கு வரவில்லை. ‘விறைக்காதே, விறைக்காதே’ என்று கயிற்றிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கால்சட்டை நனைந்துவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை.

கயிறு விறைக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐம்பது படியோடு நிற்காமல் முழுதாக இறங்கி வருகிற சத்தம். பிறகு அவர் குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. பிளேடால் என் சட்டைக் கையை அறுத்து என்னை வெளியே இழுத்தார். பிறகு பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். இடது கை மூடியபடியே இருந்தது. விரல் இடுக்கில் சிவப்புத் துணி தெரிந்தது.

மேலே நடந்ததைப் பிற்பாடு மேனேஜர் போட்ட கூச்சலிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஸ்டார்ட் என்று அவன் சொன்னதும் இவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். கஃபீலின் வீட்டார் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்க, மேனேஜர் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கத்தியிருக்கிறான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரைமணி நேரத்தில் ஆபீசுக்கு இருவரையும் கூப்பிட்டான். போகும் முன்னால் நான் ரூமுக்கு ஓடிப்போய்ச் சட்டையையும் கால்சட்டையையும் மாற்றிக்கொண்டேன். ஏன் மாற்றினேன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கைகள் தாமாகவே பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தன.

மேனேஜர் என்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டான். “நீ வண்டிக்கு அடியில் இருந்தாயா?”

சாவி இல்லாமல் அடியில் போனவனுக்கு அந்த நிமிஷமே கேன்சல். எனக்குத் தெரியும். நான் வந்து ஏழு மாசம்கூட ஆகவில்லை. அவர் எனக்கு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“இல்லை சார்,” என்றேன். “நான் பிளாட்பாரத்தில்தான் நின்றேன். கலாஸ் என்று சொன்னேனே, நீங்களே கேட்டீர்களே.”

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினான். “அப்புறம் எதற்கு நீ சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாய்?”

அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அறுத்த சட்டைக் கை இன்னும் பெட்டிக்கு அடியில் சக்கரத்தில்தான் மாட்டிக் கிடந்தது. அவர் தரையைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்:

“டர் லகா சாப்.” பயம் வந்துவிட்டது சார்.

மேனேஜர் சிரித்தான். அங்கே நின்ற கிளார்க்கும் சிரித்தான். பயந்தாங்கொள்ளி என்பதுதான் அந்த ஹோட்டல் முழுக்கத் தெரிந்த விஷயமாயிற்றே! அன்றைக்கே கேன்சல் பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவரை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக வேன் வந்தது. இடையில் இரண்டு நாளும் நான் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன். அன்று தப்ப முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேம்ப் வாசலில் நின்றவர், கைகாட்டி என்னைக் கூப்பிட்டார். காறித் துப்பட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

“அண்ணாச்சி, நான் வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“நீ பேசாத தம்பி. நான் ஒண்ணு சொல்லோணும். அதைச் சொல்லாம ஊருக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அன்னைக்குப் படி எறங்கறேன். அம்பது படி தாண்டிட்டேன், உன்ற கையைக் காணோம். நூறு தாண்டிட்டேன், காணோம். ரேடியோல கலாஸ்னுட்டே. ஒருவேளை நீ சும்மா ஸ்டூலுல உக்காந்துக்கிட்டு இருந்தீன்னா என்ற வேலை போச்சு, எம்புள்ள படிப்பு போச்சு. அப்ப...”

வேன் டிரைவர் ஹாரன் அடித்து, “யல்லா, யல்லா” என்றான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நான் முருகனைக் கும்புட்டேன் தம்பி. இவன் வண்டிக்கு அடியில மாட்டியிருக்கோணும் சாமின்னு கும்புட்டேன். என்ற வேலை நிக்கறதுக்காக, ஒரு மனுசன் சக்கரத்துல மாட்டிக் கெடக்கோணும்னு கும்புட்டவன் நான். என்னை மன்னிச்சுப்போடு.”

அவர் அழுதார். என் தப்புக்கு வேலையை இழந்து போகிற மனுஷன், என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆபீஸ் ஐம்பது அடி தூரத்தில்தான் இருந்தது, மேனேஜர் உள்ளேதான் இருந்தான்.

“பரவாயில்ல அண்ணாச்சி, விடுங்க. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல,” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.